கம்பத்து விமானத்தின் பச்சை

தணிகாசலம் இறந்துபோன செய்தி எங்கள் விமான மாடல் மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஏழு மணி வாக்கில் வந்தது. நான் அப்போது அனல் மின் நிலைய ஆய்வகத்தில் கொதிகலன் தண்ணீரைச் சோதனைக் குடுவையில் பிடித்துக்கொண்டிருந்தேன். கை ஈரமாக இருந்ததால் உடனே எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்தபோது ஆளுக்கு நாலைந்தாக நாற்பத்தாறு கூப்பிய கைகள் வரிசையாக நின்றன. உயிரோடு இருந்த காலத்தில் அவர் போட்ட எந்தச் செய்திக்கும் மூன்று பேருக்கு மேல் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

மதியத்துக்குள் டவுன்ஷிப் நுழைவாசலான ஆர்ச் கேட் பக்கத்தில் பிளக்ஸ் வைத்துவிட்டார்கள். ‘விண்ணில் பறந்த வீரர் விண்ணுலகம் ஏகினார்’ என்று எழுதி, அவர் தலைக்குப் பின்னால் ஒரு போர் விமானத்தைப் பறக்கவிட்டிருந்தார்கள். இரண்டு இன்ஜின் கொண்ட வெளிநாட்டு விமானம் அது. வாலில் அந்த நாட்டுக் கொடியைக்கூட அழிக்கவில்லை. தணிகாசலம் மட்டும் இருந்திருந்தால் பிளக்ஸ் அடித்த கடைக்கே போய், அந்த வால் யாருடையது என்று கேட்டுக் கேட்டே கடைக்காரனை அழவைத்திருப்பார். அன்றைக்கு நான் உண்மையாகவே வருத்தப்பட்டது இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

மூன்றாம் நாள் மன்றத்தின் செக்ரட்டரி பாஸ்கர் போன் செய்தார்.

“சார், அவருக்கு நினைவு மலர் ஒண்ணு போடறோம். மாடல் பத்தியெல்லாம் உங்களுக்குத்தான் எழுத வரும். ரெண்டு பக்கம் போதும். நல்லதா நாலு வார்த்தை.”

“கெட்டதா எழுதினா?”

“செத்தவரப் பத்தி யாரு சார் கெட்டதா எழுதுவா?” என்று சிரித்தார். “அப்புறம், விமானின்னு மறக்காமப் போட்டுடுங்க. தலைப்பிலேயே வந்தா நல்லது.”

நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு வராது. தணிகாசலத்துக்கும் வராது. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த குணம் அது ஒன்றுதான். எனவே அவரைத் தெரிந்தவர்கள் இதை அவரிடம் பேச்சு வாங்கிய பழக்கத்தோடே படிக்கலாம்.

தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். கம்மாபுரம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். பதினெட்டு வயதில் விமானப்படையில் சேர்ந்தார். வெளியே வந்தபின் இங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் செக்யூரிட்டி பிரிவில் வேலை கிடைத்தது. ஓய்வு பெற்று மந்தாரக்குப்பத்தில் வீடு கட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டிவிஎஸ் மொபெட்டில் எங்கள் மன்றத்துக்கு வருவார். மன்றம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ரெக்ரியேஷன் கிளப்பின் பின்கட்டில் ஒரு அறை, ஒரு கண்ணாடி அலமாரி, பிளாஸ்டிக் விமானங்களை ஒட்டிப் பெயிண்ட் அடிக்கும் பன்னிரண்டு நடுவயது ஆண்கள். எல்லோரும் அவரை ‘பைலட் சார்’ என்று கூப்பிட்டார்கள். ஒரு போர் விமானி எதற்காகச் சுரங்க வாசலில் நின்று கேட் பாஸ் பார்த்துக்கொண்டிருந்தார் என்று முப்பது வருடத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. இன்ஜினியர்கள், மேனேஜர்கள் என்று படித்தவர்கள் நிறைந்த மன்றம் இது. நானும் கேட்கவில்லை.

அவர் ஒரு மாடலைக்கூட ஒட்டியவர் இல்லை. அடுத்தவர் ஒட்டியதில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் அவருடைய பொழுதுபோக்கு. மாடலைக் கண் மட்டத்துக்குத் தூக்குவார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு இறக்கையின் மேல்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். “ம்” என்பார். அந்த ‘ம்’முக்குப் பிறகு நல்ல வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. “பெயிண்டு பொய் சொல்லாது, அடிச்சவன்தான் சொல்லுவான்” என்பார். “இவ்ளோ புதுசா இருக்குதே, இது இன்னும் பறக்கவே இல்ல போல” என்பார். மூன்று மாதம் உழைத்தவனிடம் இதைச் சொல்லிவிட்டு டீ கேட்பார். டீயையும் வாங்கிக் கொடுத்தோம்.

பறந்த கதைகள் அதற்குப் பிறகு வரும். இரண்டு கைகளையும் விமானங்களாக்கி ஒன்றின் பின்னால் இன்னொன்றைத் துரத்துவார். குண்டு போட்டுவிட்டுத் திரும்பும்போது எண்ணெய் கசிந்து விமானத்தின் அடிவயிறு முழுவதும் கறுப்பாக வழிந்திருந்தது என்பார். துப்பாக்கி வாய்களுக்குப் பக்கத்தில் புகை படிந்து இறக்கை எப்படிப் பழுப்பேறும் என்று ஐந்து நிமிடம் சொல்வார். வானத்தைப் பற்றி அநேகமாக ஒன்றும் சொல்ல மாட்டார். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்போம். பறந்துகொண்டிருப்பவனுக்குத் தன் விமானத்தின் அடிவயிறு எப்படித் தெரியும் என்ற கேள்வி அப்போது யாருக்கும் வரவில்லை.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். பதினோரு வருடங்களுக்கு முன்னால் மன்றத்தின் கண்காட்சிக்காக ஒரு மாடல் செய்தேன். எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் நம் படையில் இருந்த சிறிய ஜெட் விமானம். நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு. இரண்டு வருட வேலை. இந்த ஊரில் பெயிண்ட் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், மேற்கிலிருந்து காற்று வீசினால் ஈரப் பெயிண்டின் மேல் மின் நிலையச் சாம்பல் வந்து உட்கார்ந்துவிடும். அதனால் குவார்ட்டர்ஸ் பாத்ரூமின் தரையைத் தண்ணீர் ஊற்றி நனைத்து, ஜன்னலை ஈரத் துணியால் அடைத்து, உள்ளே உட்கார்ந்து ஸ்பிரே செய்தேன். வீட்டில் எல்லோரும் பக்கத்து வீட்டுக்குக் குளிக்கப் போனார்கள். நிறத்துக்காக வடக்கே ஒரு நகரம் வரை போனேன். அங்கே ஒரு நாற்சந்தியில் அதே வகை விமானத்தைக் கான்கிரீட் தூண் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். வாடகைக் காரின் கூரை மேல் ஏறி நின்று, நிற அட்டையை விமானத்தின் வயிற்றோடு வைத்து ஒப்பிட்டேன். முந்நூறு போட்டோ எடுத்தேன். அந்தப் பச்சையைத் துளித்துளியாகக் கலந்து பிடிக்க ஐந்து வாரம் ஆனது.

கண்காட்சிக்கு வந்த தலைமை விருந்தினர் என்னுடைய ஜெனரல் மேனேஜர். அவர் குனிந்து என் மாடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து தணிகாசலத்தின் குரல் வந்தது.

“இந்தப் பச்சை இல்ல.”

“ஒரிஜினல் விமானத்தைப் பாத்து எடுத்தது சார்” என்றேன்.

“எங்க பாத்தீங்க?”

ஊரைச் சொன்னேன்.

“அது கம்பத்துல குத்தி வெச்சதாச்சே. மந்திரி வர்றதுக்கு முன்னாடி காண்ட்ராக்டர் வந்து அடிச்சிட்டுப் போற பெயிண்டுங்க அது. பக்கத்துல பார்க்கு கேட்டு ஒண்ணு இருந்திருக்குமே, அது என்னா கலரு?”

எனக்கு உடனே ஞாபகம் வந்தது. என் போட்டோக்களில் பாதியில் அந்தக் கேட்டும் இருந்தது. அதே பச்சை. ஜெனரல் மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாளிலிருந்து ஒரு வருடம் ஆய்வகத்தில் எனக்கு ‘பார்க் கேட்டு’ என்று பெயர். அந்த வருடம் வர வேண்டிய பதவி உயர்வும் எனக்கு வரவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் வந்தது.

தணிகாசலம் அதோடு விடவில்லை. கண்ணாடி அலமாரியின் சாவி கமிட்டி உறுப்பினர் என்ற முறையில் அவரிடம் இருந்தது. ஒரு மாதம் கழித்து மன்றத்துக்குப் போனபோது, நான் வைத்திருந்த இடத்தில் வேறொரு மாடல் நின்றது. கிட்டப்போய்ப் பார்த்தால் என்னுடையதுதான். மேலே முழுக்க ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற எனாமல் பெயிண்டில் ஒரு மங்கலான பச்சை, இடையிடையே காவி. ஸ்பிரே இல்லை, பிரஷ் கோடு ஒவ்வொன்றும் தெரிந்தது. இரண்டு வருடமும் ஐந்து வாரமும் அதற்கு அடியில் போயிருந்தன. சுற்றி நின்றவர்களில் ஒருவராவது ஐயோ என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். “இப்பத்தான் சார் ஒரிஜினல் மாதிரி இருக்கு” என்றார் பாஸ்கர். இன்றைக்குப் ‘பைலட் சார் எனக்கு அப்பா மாதிரி’ என்று குழுவில் எழுதியிருக்கும் அதே பாஸ்கர்தான்.

மாடலை வீட்டுக்கு எடுத்துப் போனேன். தின்னரையும் பஞ்சையும் வைத்துக்கொண்டு பாத்ரூமில் உட்கார்ந்தேன். மேலே இருக்கும் எனாமலை மட்டும் கரைத்தெடுத்தால் என் வேலை அடியிலிருந்து திரும்பக் கிடைக்கும் என்பது கணக்கு. இடது இறக்கையின் முனையில் தொடங்கினேன். பச்சை கரைந்தது. கீழே என் பச்சை இல்லை, வெள்ளி நிறம் இருந்தது. இன்னும் தேய்த்தேன். வெள்ளிக்குக் கீழேதான் என் பச்சை வந்தது. தடவித் தடவிப் பார்த்ததில் விமானம் முழுவதும் அப்படித்தான் என்று புரிந்தது. முதலில் முழு விமானத்தையும் வெள்ளியாக்கி, காயவிட்டு, அதன்மேல் பச்சையை அடித்திருக்கிறார். இறக்கையின் முன்விளிம்புகளில் பச்சையை நகத்தால் சுரண்டி வெள்ளியை லேசாக வெளியே தெரியவும் விட்டிருக்கிறார்.

பஞ்சைக் கீழே வைத்துவிட்டு பிரஷ் கோடுகளை லென்ஸில் பார்த்தேன். எல்லாக் கோடுகளும் இறக்கையின் முன்னாலிருந்து பின்னோக்கி, காற்று போகிற திசையில் ஓடின. ஓர் இடத்திலும் பெயிண்ட் இரட்டிக்கவில்லை, ஓர் இடத்திலும் வற்றவில்லை. என் ஸ்பிரேயில்கூட அவ்வளவு சீராக வந்ததில்லை. கோபத்தில் இழுத்த கை இப்படி இழுக்காது. ஒரு விமானியின் கையும் இழுக்காது. விமானத்தின் அடிவயிறு இந்தக் கைக்கு எப்படித் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்தவுடன் முதலில் என்ன நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் பாத்ரூம் கதவில் பெயிண்ட் உரிந்துகிடந்தது. இவரைக் கூப்பிட்டால் நன்றாக அடிப்பார் என்று நினைத்தேன்.

மறுநாள் மதியம் மந்தாரக்குப்பம் போனேன். வீட்டின் ஜன்னல் கம்பிகளெல்லாம் என் மாடலின் அதே மங்கிய பச்சையில் இருந்தன. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“வாங்க கெமிஸ்ட் சார். போலீசு கூட வர்ல?”

“நீங்க பைலட் இல்ல” என்றேன். “நீங்க பெயிண்டர்.”

‘பெயிண்டர்’ என்ற சொல்லை எப்படிச் சொன்னால் வலிக்கும் என்று வழியெல்லாம் பழகிக்கொண்டு போயிருந்தேன். அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார்.

“மெதுவா பேசுங்க. வூட்ல தெரியும். பக்கத்து வூட்டுக்காரனுக்குத் தெரியாது.”

பிறகு அவராகவே சொன்னார். எந்தப் படைத்தளம் என்று சொல்லவில்லை. “எல்லாம் வெள்ளிக் கலர்ல பளபளன்னு நிக்கும் சார். மேலேருந்து எதிரி பாத்தா கண்ணாடித் துண்டு மாதிரி தெரியும். சண்ட வரப்போவுது, மறைச்சிடுங்கன்னு ஆர்டர். டிரம்முல பச்சை வந்து எறங்குது. அது விமானப் பச்சையும் இல்ல, ஒண்ணும் இல்ல, லாரிக்கு அடிக்கிறது. ஆறு பேரு, ஆறு பிரஷ்ஷு. டிரம்முக்கு டிரம்மு கலரு வேற. ஒரே மாரி ரெண்டு விமானம் கெடையாது. நீங்க என்னாடான்னா அட்டைய வெச்சி அளந்துகினு இருக்கீங்க.”

“வெள்ளிய எதுக்கு அடிச்சீங்க? யாருக்கும் தெரியப் போறதில்லையே.”

“அடியில இருந்துச்சே” என்றார், நான் ஏதோ மடத்தனமாகக் கேட்டுவிட்டதைப் போல. “ரெண்டு தடவ பறந்து வந்தா முன்னாடி ஓரமெல்லாம் பச்ச தேஞ்சி வெள்ளி எட்டிப் பாக்கும். நாங்க திரும்ப ஏணியப் போட்டுகினு தொட்டுவிடணும். அடியில வெள்ளி இல்லாம அது எப்பிடி எட்டிப் பாக்கும்?”

பறந்த கதைகள் யாருடையவை என்று கேட்டேன். பறந்து வந்தவர்களுடையவை என்றார். அவர் பிரஷ்ஷோடு இறக்கைக்கு அடியில் படுத்திருக்கும்போது, அடுத்த முறை கிளம்பக் காத்திருக்கும் விமானிப் பையன்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்களாம். “எங்ககிட்டதான் பேசுவாங்க. அவங்க ஆளுங்ககிட்ட பயந்துட்டேன்னு சொல்ல முடியாது இல்ல? பேரெல்லாம் பாதி மறந்துட்டேன். யாரு விமானத்துக்கு எந்த டிரம்முப் பெயிண்டுன்னு கேளுங்க, இப்பவும் சொல்றேன். ரெண்டு விமானம் திரும்பி வர்ல. அந்த ரெண்டு பச்சையும் தெரியும்.”

இதைக் கேட்டு நான் உருகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் மாடல் என் மாடல்தான். “அப்ப ஏன் பைலட்டுன்னு ஊரை ஏமாத்துனீங்க?” என்றேன்.

“நான் எங்க சொன்னேன்? ஏர்ஃபோர்ஸுன்னேன். ஓ, பைலட்டான்னாங்க. வாய மூடிகினேன்.” ஜன்னல் கம்பியைக் கையால் காட்டினார். “பெயிண்டருன்னு சொல்லியிருந்தா அடுத்த ஞாயித்துக்கெழம உங்க ஆளுங்க குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்கு அடிச்சிக் குடுன்னு கூப்புட்டிருப்பாங்க. கம்மாபுரத்துக்காரன் பெயிண்டுதானே அடிக்கிறான், வரட்டுமேன்னு. சொல்லுங்க கெமிஸ்ட் சார், கூப்புட்டிருப்பாங்களா மாட்டாங்களா?”

என் பாத்ரூம் கதவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

கிளம்பும்போது அவர் எழுந்து நின்றார். “நான் இருக்கிற வரிக்கும் வெளிய சொல்ல வாணாம். அதுக்கப்புறம் உங்க இஷ்டம்.” மன்னிப்பு கேட்கவில்லை. மாடலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பதினோரு வருடம் அந்த விஷயத்தை நான் வெளியே விடவில்லை. பெருந்தன்மையால் அல்ல. ஒருவரைப் பற்றிய உண்மை தனக்கு மட்டும் தெரிந்திருப்பதில் ஒரு சுகம் உண்டு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் என் புதிய மாடலைத் தூக்கி “ம்” என்பார். நான் “சொல்லுங்க, பைலட் சார்” என்பேன், அந்த ‘பைலட்’டைக் கொஞ்சம் அழுத்தி. அவர் ஒரு நொடி என்னைப் பார்ப்பார். அதற்குப் பிறகும் குற்றத்தைச் சொல்லாமல் விட்டதில்லை. என் கையில் அவருடைய மானம் இருந்த அத்தனை வருடத்தில் ஒரு முறையாவது, பயந்தாவது, என் வேலையை நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதை மன்னிக்க நான் இன்னும் தயாராக இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். எழுதப் போகிறேன் என்று அவர் மனைவி சரோஜா அம்மாளிடம் சொல்லாமல் எழுதுவது சரியில்லை என்று பட்டது. அந்த அம்மாளைக் காய்கறிக்காரர்கூட ‘பைலட்டு வூட்டம்மா’ என்றுதான் கூப்பிடுவார். எனக்கு முன்பே பாஸ்கர் வந்து உட்கார்ந்திருந்தார். அலமாரியில் ‘பைலட் சார் நினைவுப் பகுதி’ என்று ஒன்று வைக்கப் போகிறார்களாம். என்னிடம் இருக்கும் அந்த மாடல் வேண்டுமாம். காக்பிட்டுக்குக் கீழே விமானியின் பெயரை எழுதுகிற வழக்கப்படி, அவர் பெயரை நான் எழுதித் தர வேண்டுமாம்.

“அவரு அதுல ஏறினதே இல்ல, பாஸ்கர்” என்றேன். முழுவதையும் சொன்னேன்.

பாஸ்கரின் முகம் கோணியது. “அத இப்ப எதுக்கு சார் கிளறிகிட்டு? பிளக்ஸெல்லாம் வெச்சாச்சு. குடும்பத்துக்குக் கஷ்டமா இருக்கும்ல?”

“குடும்பம் இங்கதான் குந்திகினு இருக்குது” என்றார் சரோஜா அம்மாள். “வூட்ல ஃபேன் தொடைக்க ஸ்டூல் மேல ஏறச் சொன்னா காலு நடுங்கும் அவருக்கு. ஏணின்னா நாலு படிதான், அதுக்கு மேல ஏறாம இறக்கைக்கு அடியிலேயே படுத்து காலத்த ஓட்டிட்டேன்னுவாரு. இவரு போயி ஆகாசத்துல பறந்தாராம்.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “எழுதுங்க சார். பெயிண்டருன்னே எழுதுங்க. இனிமே யாரு கூப்ட்டாலும் உங்க குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்கு அடிக்க அவரு வரப் போறது இல்ல.”

அந்த வார்த்தை என் பக்கம் பார்த்துச் சொல்லப்பட்டதா, பாஸ்கர் பக்கமா என்று எனக்குத் தெரியவில்லை.

தணிகாசலத்தை எனக்குப் பிடிக்காது. இறந்துவிட்டார் என்பதற்காக இப்போது பிடிக்கத் தொடங்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று, எந்த மாடலை முடித்தாலும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, அவர் குரலில் எனக்கு நானே ‘இந்தப் பச்சை இல்ல’ என்று சொல்லிக்கொள்வது. அநேகமாக அது சரியாகவும் இருக்கிறது. இன்னொன்று அந்த விமானம். அன்றைக்கு நான் சுரண்டிய இடது இறக்கையின் முனையை அதற்குப் பிறகு தொடவே இல்லை. அங்கே மூன்று பூச்சும் படிப்படியாகத் தெரிகின்றன. மேலே அவருடைய பச்சை, நடுவில் வெள்ளி, அடியில் என்னுடையது.

மாடலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டேன். அந்த முனையை மட்டும் கொஞ்சம் தொட்டுச் சரிசெய்து தரச் சொல்லி பாஸ்கர் கேட்டார். முடியாது என்றேன். காக்பிட்டுக்குக் கீழே எந்தப் பெயரும் எழுதவில்லை. மாடலுக்கு முன்னால் வைக்கும் அட்டையை நானே எழுதியிருக்கிறேன். அலமாரியைத் திறந்து யாரும் மாற்றிவிடக் கூடாது என்பதற்காக இங்கேயும் அச்சில் போட்டுவைக்கிறேன்.

‘பெயிண்ட்: தணிகாசலம், கம்மாபுரம். இறக்கை முனையில் அடியில் தெரியும் பச்சை வேறொருவர் அடித்தது. அது தவறு.’